கரிசலுக்குச் சுண்ணாம்பு, தேரிக்குக் களி: மண் சாலையில் எதைக் கலப்பது?

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டுப் பாதையும் திருச்செந்தூர் வட்டத்துக் குதிரைமொழித் தேரிப் (செம்மணல் மேட்டுப்) பாதையும் ஒரே தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஐப்பசி மழையில் முதல் பாதையில் டிராக்டர் சக்கரம் களியை அப்பிக்கொண்டு சுற்ற மறுக்கும். அதே மழையில் தேரிப் பாதை கெட்டிப்பட்டு நன்றாக ஓடவிடும். சித்திரையில் நிலைமை தலைகீழ். கரிசல் பாறைபோல இறுகி வெடித்துக் கிடக்கும், தேரி மணலில் டயர் புதையும். ஆக, மண் சாலையைக் கெட்டிப்படுத்த எந்தப் பொருள் நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. ஒரு மண்ணுக்கு மருந்தானது இன்னொன்றுக்கு வீண்செலவு.

ஊராட்சிச் சாலை, பண்ணைப் பாதை, செங்கல் சூளைக்கோ அரிசி ஆலைக்கோ போகும் தடம் என எதுவானாலும், தார் போடும் அளவுக்கு வண்டி ஓடாத இடத்தில் எதைக் கலந்தால் வருடாவருடம் கிராவல் கொட்டும் செலவு குறையும் என்பதுதான் இங்கே பார்க்கப்போவது. கணக்குகள் எல்லாம் 1 கிலோமீட்டர் நீளம், 3.75 மீட்டர் அகலம் கொண்ட ஒற்றை வழிப் பாதைக்கு.

முதலில் தண்ணீர்

எந்தப் பொருளும் தேங்கிய தண்ணீரை வெல்லாது. பல ஊர் வண்டிப்பாதைகள் பக்கத்து வயலைவிடத் தாழ்ந்து கிடக்கின்றன. தேயத் தேயப் பள்ளமாகி மழைக்காலத்தில் ஓடையாகவே மாறிவிடுகின்றன. அப்படிப்பட்ட பாதையில் சுண்ணாம்பும் சிமெண்டும் கலப்பது காசைக் கரைப்பதுதான். சாலையின் அடிமண், வெள்ளம் வழக்கமாக ஏறும் மட்டத்தைவிட 60 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். இருபுறமும் வடிகால் வேண்டும், அந்த வடிகாலுக்குப் போக்கிடமும் வேண்டும். விவசாயிகள் சாலையை வெட்டி மடை திறக்கும் இடம் எது என்று விசாரித்து அங்கே குழாய் பதித்துவிடுவது நல்லது. குழாய் இல்லாவிட்டால் அடுத்த போகத்தில் அந்த இடம் மறுபடி வெட்டப்படும்.

மேற்பரப்பின் வாட்டம் 4 முதல் 5 சதம் இருக்க வேண்டும். அதாவது 3.75 மீட்டர் அகலப் பாதையில் நடு, ஓரத்தைவிட 8 அல்லது 9 சென்டிமீட்டர் உயரம். தார்ச் சாலைக்குக் கொடுக்கும் 2, 2.5 சதம் மண் சாலைக்குப் போதாது. டயர்த் தடம் கொஞ்சம் அமுங்கினாலே தண்ணீர் நின்றுவிடும். இந்த இரண்டையும் சரிசெய்தாலே பாதித் தொல்லை ஓயும் பாதைகள் உண்டு. அப்படி ஓய்ந்தால் கலவை எதுவும் தேவையில்லை.

மண்ணைப் பார்ப்பது

ஆய்வகத்துக்குப் போகுமுன் ஊரிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இரண்டு. ஈரமண்ணை உள்ளங்கையால் உருட்டி 3 மில்லிமீட்டர் கனத்துக்கு நூலாகத் திரித்துப் பாருங்கள். உடையாமல் நீளமாக வந்தால் களி அதிகம், திரிக்கவே வராமல் உதிர்ந்தால் மணல். இரண்டாவது உப்பல் சோதனை. நன்றாகக் காய்ந்து மாவாக இடித்துச் சலித்த மண் 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குடுவைகளில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி 24 மணி நேரம் விடுங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அதில் 10 மில்லியும் தண்ணீரில் 16 மில்லியும் நின்றால் உப்பல் 60 சதம். 50-ஐத் தாண்டினாலே அது வீரியமான கரிசல்.

ஆய்வகத்தில் கேட்க வேண்டியவை: நீர்ம எல்லை (மண் குழம்பாகத் தொடங்கும் ஈர அளவு), நெகிழ் எல்லை (திரித்தால் உதிரத் தொடங்கும் ஈர அளவு), இரண்டுக்கும் இடையிலான நெகிழ்வு எண், ஊறவைத்த மண்ணின் சி.பி.ஆர். மதிப்பு. பாரத்தை மண் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண்தான் சி.பி.ஆர். ஊறிய கரிசலில் அது 2, 3-க்கு மேல் ஏறுவது அரிது. மண்ணிலுள்ள சல்பேட் அளவையும் சேர்த்துக் கேளுங்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

கரிசல்: கிராவலா, சுண்ணாம்பா?

வழக்கமான வழி, கிராவலைக் கொட்டிப் பரப்பி ரோலர் ஓட்டுவது. கலப்பும் காத்திருப்பும் இல்லை, ஒரே வாரத்தில் வேலை முடியும். ஆனால் சி.பி.ஆர். 2 உள்ள கரிசல்மேல் அது நிற்க 30 சென்டிமீட்டர் கனம் வேண்டும். நடைமுறையில் 10, 15 சென்டிமீட்டர்தான் விழுகிறது. அடுத்த மழையில் கீழிருந்து களி மேலேறும், கிராவல் கீழே இறங்கும். இரண்டு வருடத்தில் கிராவல் காணாமல் போய்விட்டது என்று புகார் எழும். திருட்டு ஒன்றும் இல்லை, எல்லாம் உள்ளே புதைந்துதான் இருக்கிறது.

30 சென்டிமீட்டர் கனத்தை நியாயமாகப் போட்டால் இறுகிய அளவில் 1,125 கனமீட்டர். உதிரியாக வாங்க 1.3 மடங்கு, ஏறத்தாழ 1,460 கனமீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கனமீட்டர். மொத்தம் 516 யூனிட் வருகிறது. எல்லாவற்றுக்கும் நடைச்சீட்டு (கனிமம் ஏற்றிவர அனுமதி) வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

மாற்றுவழி, அடியில் இருக்கும் கரிசலையே 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுண்ணாம்பு கலந்து கெட்டிப்படுத்தி, அதன்மேல் 15 சென்டிமீட்டர் கிராவல் மட்டும் போடுவது. கரிசலின் களித்துகள் தண்ணீரை உறிஞ்சி விரியும் இயல்புடையது. சுண்ணாம்பிலுள்ள கால்சியம் அந்தத் துகள்களின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் சோடியம் போன்றவற்றை விலக்கி இடம்பிடிக்கிறது. துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு, பிசுபிசுத்த களி ஓரிரு நாளில் மணல்போலப் பொலபொலக்கிறது. இது முதல் கட்டம். அடுத்த கட்டத்தில் சுண்ணாம்பின் காரத்தில் களியிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, சிமெண்டில் இருப்பது போன்ற பிணைப்பு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உருவாகிறது. முதல் கட்டத்துக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு போதும். இரண்டாவது நடக்க வேண்டுமானால் மண்ணின் காரநிலை (pH) 12.4-ஐத் தொட வேண்டும். செலவைக் குறைக்க 2 சதம் மட்டும் போட்டால் முதல் வாரம் அருமையாக இருக்கும், இரண்டாம் மழைக்காலத்தில் பழைய கரிசல் திரும்பிவிடும்.

எத்தனை சதம் என்பதைக் காரநிலை மீட்டர் உள்ள எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடிக்கலாம். சலித்த மண் 20 கிராம் வீதம் ஐந்து பாட்டில்களில் போட்டு, 2, 3, 4, 5, 6 சதம் சுண்ணாம்பு சேர்த்து, ஒவ்வொன்றிலும் 100 மில்லி காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் குலுக்கி, ஒரு மணி நேரம் கழித்து அளந்தால், 12.4-ஐத் தொடும் மிகக் குறைந்த சதம்தான் உங்கள் அளவு. கரிசலுக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வரை வரும். வண்ணத்தாள் இந்த உச்சத்தில் துல்லியம் காட்டாது.

4 சதம் என்றே வைத்துக் கணக்குப் போடுவோம். கோடையில் கரிசல் ஓரத்திலிருந்து சுருங்கி நீளவாக்கில் வெடிப்பதால், பாதை அகலத்துக்கு வெளியேயும் இருபுறம் 30 சென்டிமீட்டர் சேர்த்துக் கலக்க வேண்டும். 4.35 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் ஆழம், கனமீட்டருக்கு 1.6 டன் என்றால் 1,044 டன் மண். அதற்கு 42 டன் சுண்ணாம்பு, அதாவது 25 கிலோ மூட்டையில் ஏறத்தாழ 1,670. மிச்சமாகும் கிராவல் 258 யூனிட். ஆக, ஒரு டன் சுண்ணாம்பு 6 யூனிட் கிராவலுக்கு ஈடு. டன் சுண்ணாம்பின் இறக்கு விலையோடு அதைக் கலக்கும் கூலியையும் சேர்த்துப் பாருங்கள். அது 6 யூனிட் கிராவலின் இறக்கு விலைக்குக் கீழே நின்றால் முதல் வருடமே சுண்ணாம்பு லாபம். குவாரி கூப்பிடு தூரத்தில் இருந்தால் கணக்கு கிராவல் பக்கம் சாயும், லாரி வாடகை ஏற ஏறச் சுண்ணாம்பு பக்கம் திரும்பும்.

கிராவல் சாலையில் தேய்மானமாக வருடத்துக்கு 1 முதல் 3 சென்டிமீட்டர் போவது பொதுவான அனுபவம். 2 சென்டிமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு வருடம் 34 யூனிட் கிராவல் மீண்டும் வாங்க வேண்டும். இந்தத் தேய்மானத்தைச் சுண்ணாம்பு தடுக்காது. அடியில் புதைந்து போகும் பங்கைத்தான் தடுக்கிறது. சுண்ணாம்பு போட்டால் பராமரிப்பே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சுண்ணாம்பு மண்ணை மேலே மூடாமல் விட்டால் வண்டிச் சக்கரம் அதைப் பொடிப்பொடியாக உரித்துவிடும்.

கலக்கும் முறை

வேலை கெடுவது பெரும்பாலும் கலப்பில்தான். நம் கையில் இருப்பது டிராக்டரும் ரொட்டவேட்டரும். ரொட்டவேட்டர் இறுகிய மண்ணில் 10, 12 சென்டிமீட்டர்தான் இறங்கும். 15 சென்டிமீட்டர் இறுகிய கனத்துக்கு உதிரியாக 20 சென்டிமீட்டருக்கு மேல் கலக்க வேண்டும். ஆகவே முதலில் கொத்துக்கலப்பையால் உழுது, மேல்பாதி மண்ணை ஓரத்தில் வரப்பாக ஒதுக்கி, கீழ்ப்பாதியில் கலந்து, பிறகு ஒதுக்கிய மண்ணைத் திருப்பி அதிலும் கலக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 9.6 கிலோ என்றால், 25 கிலோ மூட்டை 4.35 மீட்டர் அகலத்தில் 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு வரும். இரண்டு தவணையாகப் போடுவதால், ஒவ்வொரு தவணையிலும் 1.2 மீட்டருக்கு ஒரு மூட்டை என்று சுண்ணாம்புக்கோடு போட்டு வைத்துவிடுங்கள். கண்மதிப்பில் வீசினால் ஓரிடத்தில் 8 சதமும் இன்னோரிடத்தில் 1 சதமும் விழும்.

முதல் தவணையில் பாதிச் சுண்ணாம்பு. தண்ணீர் தெளித்துக் கலந்து, ரோலரை லேசாக ஒருமுறை ஓட்டி மூடி, ஒன்று அல்லது இரண்டு நாள் ஊறவிடுங்கள். அதற்குள் கட்டிகள் தாமாகவே பொலபொலத்துவிடும். பின்னர் மீதிப் பாதியைப் போட்டு மீண்டும் கலக்க வேண்டும். எல்லாக் கட்டியும் ஒரு அங்குலத்துக்குள் உடைந்திருக்க வேண்டும், பாதிக்கு மேல் 5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி பிடித்து அமுக்குங்கள். உருண்டை நிற்க வேண்டும், கை நனையக் கூடாது. சுண்ணாம்பு சேர்ந்த மண் வெறும் மண்ணைவிடக் கூடுதல் தண்ணீர் கேட்கும் என்பதால் தண்ணி லாரி இல்லாமல் இறங்கவே வேண்டாம். கடைசிக் கலப்பிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் 8 முதல் 10 டன் ரோலரை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஓட்டி முடித்துவிட வேண்டும். அதன்பின் ஏழு நாள் ஈரம் காயாமல் தண்ணீர் தெளிப்பு, வண்டி விடக் கூடாது. எட்டாம் நாள் கிராவல்.

சுண்ணாம்பு வாங்குவதிலும் ஏமாற்றம் உண்டு. தாளித்து (தண்ணீர் விட்டு நீற்றி) மாதக்கணக்கில் திறந்து கிடந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு பழையபடி சுண்ணாம்புக்கல் தூளாகிவிடும். பார்க்க வெள்ளைதான், வேலை செய்யாது. ஒரு சிட்டிகையில் கழிவறை கழுவும் ஆசிட்டை ஒரு சொட்டு விட்டால், நல்ல தாளித்த சுண்ணாம்பு அமைதியாகக் கரையும், கெட்டுப்போனது பொங்கி நுரைக்கும். மூட்டை அடுக்கின் அடியிலிருந்து எடுத்துப் பாருங்கள். தாளிக்காத சுட்ட சுண்ணாம்பு எடையில் முக்கால் பங்கு போதும் என்பதால் மலிவாகத் தோன்றும். ஆனால் கையால் வாரி இறைக்கும் வேலைக்கு அது ஆகாது. வியர்வை பட்டாலே சுடும், கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. தாளித்த சுண்ணாம்புக்கும் கண்ணாடி, கையுறை, முழங்கால் வரை காலணி கட்டாயம். ஆடிக் காற்றில் உலர்த்தூளைத் தூவினால் பாதி பக்கத்துப் பருத்திக் காட்டுக்குப் போய்விடும். மாசியிலிருந்து வைகாசிக்குள் முடிப்பதே நல்லது. வெயில் சூட்டில் பிணைப்பும் வேகமாக ஏறும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் கெட்டிப்பட நான்கைந்து மாதமும் கிடைக்கும்.

சுண்ணாம்பு ஆகாத கரிசலும் உண்டு. பெரம்பலூர் மாவட்டம் காரைப் பகுதி மண்ணில் ஜிப்சம் கண்ணாடித் துண்டுபோலப் பளபளத்துக் கிடக்கும். அந்தச் சல்பேட்டும் சுண்ணாம்பும் களியிலுள்ள அலுமினாவும் தண்ணீரோடு சேர்ந்தால் எட்ரிங்கைட் என்ற ஊசிப்படிகம் வளர்ந்து, கெட்டியான சாலையையே மேலே தூக்கிவிடும். கரையும் சல்பேட் 0.3 சதத்துக்குள் இருந்தால் கவலையில்லை, 0.8 சதத்தைத் தாண்டினால் சுண்ணாம்பையும் சிமெண்டையும் மறந்துவிட்டு முழுக் கனக் கிராவலுக்குப் போவதே புத்திசாலித்தனம்.

கரிசலில் நேரடியாகச் சிமெண்ட் கலக்கலாமா? களிக்கட்டிக்குள் சிமெண்ட் நுழையாது. கட்டியைச் சுற்றித் தோடு போலப் பிடித்துக்கொள்ளும், உள்ளே அதே கரிசல் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் ரோலரை ஓட்டி முடிக்கவும் வேண்டும். டிராக்டர் வேகத்தில் அது நடக்காது.

கலப்பே வேண்டாம் என்பவர்களுக்குத் தென்னை நார் விரிப்பு ஒரு வழி. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் 2020-லேயே இதற்கு ஒப்புதல் வந்துவிட்டது, பொள்ளாச்சி பக்கம் தாராளமாகக் கிடைக்கிறது. சமப்படுத்திய கரிசல்மேல் விரித்து, துண்டுக்குத் துண்டு 30 சென்டிமீட்டராவது மேலேற்றி, ஆணியடித்து, அதன்மேல் கிராவல் கொட்டினால் களியும் கிராவலும் கலக்காமல் பிரிந்து நிற்கும். சில வருடத்தில் நார் மட்கிவிடும். அதற்குள் அடிமண் அமுங்கி இறுகிவிடும் என்பதே இதன் கணக்கு. மண்ணின் உப்பலை இது குறைக்காது. 100, 200 மீட்டர் மட்டும் கெட்டுப்போன பாதைக்கு சுண்ணாம்பைவிட இதுவே கைக்கடக்கம்.

பீப்பாயில் விற்கும் நொதித் திரவங்கள் பற்றி ஒரு வார்த்தை. கனமீட்டருக்குச் சில மில்லி போதும் என்பதால் விலை கவர்ச்சியாக இருக்கும். பலன் மண்ணுக்கு மண் மாறுகிறது, களி குறைந்த மண்ணில் பலனே இல்லாமல் போவதும் உண்டு. உங்கள் மண்ணில், ஊறவைத்த நிலையில், திரவம் கலந்தும் கலக்காமலும் எடுத்த சி.பி.ஆர். அறிக்கையைக் கேளுங்கள். காய்ந்த மாதிரியின் எண்ணைக் காட்டினால் அனுப்பிவிடுங்கள். காய்ந்த கரிசல் எதுவுமே கலக்காமலும் கல்தான்.

தேரியும் செம்மணலும்

இங்கே நோய் வேறு. பிடிப்பு இல்லை. சுண்ணாம்பு களியோடுதான் வினைபுரியும். நெகிழ்வு எண் 10-க்குக் கீழே உள்ள மண்ணில் அதைத் தனியாகப் போடுவது வீண்.

மலிவான மருந்து கண்மாய்க் களி. மணல் மூன்று பங்குக்குக் களி ஒரு பங்கு என்று தொடங்கிப் பாருங்கள். கலந்ததை நனைத்துக் கைப்பிடி உருண்டை செய்து நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். கட்டை விரலால் அழுத்தி உதிர்ந்தால் களி போதாது, காயும்போதே அகல வெடித்தால் அதிகம். களியைக் காயவைத்து உடைத்துத் தூளாக்கிய பிறகே பரப்ப வேண்டும். ஈரக் களியை மணலில் கலக்க முடியாது, உருண்டை உருண்டையாகவே தங்கும். இந்தச் சாலை மழையில் கொஞ்சம் வழுக்கும், மாட்டு வண்டிக்கும் டிராக்டருக்கும் போதும்.

கனத்த லாரி ஓடும் பாதைக்குச் சிமெண்ட் சரி. செம்மணலில் 5 சதம் என்றால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 14 கிலோ, கிலோமீட்டருக்கு 52 டன், அதாவது 50 கிலோ மூட்டையில் 1,040. ஒரே நாளில் பெரிய நீளம் எடுக்காதீர்கள். இரண்டு மணி நேரத்தில் ரோலர் முடிக்கக்கூடிய நீளம் மட்டும். சதத்தைக் கூட்டினால் பலம் கூடும் என்று 8, 10 போட்டால் சுருங்கிக் குறுக்கே வெடித்து, அந்த வெடிப்பு வழியே தண்ணீர் இறங்கும்.

இரண்டுக்கும் நடுவே அனல்மின் நிலையச் சாம்பல். தூத்துக்குடி, மேட்டூர், வடசென்னைச் சாம்பல் தானாக இறுகாது. 3 சதம் சுண்ணாம்பும் 12 சதம் சாம்பலும் சேர்த்தால்தான் வேலை செய்யும், கிலோமீட்டருக்கு 31 டன்னும் 125 டன்னும். பழுப்பு நிலக்கரியை எரிக்கும் நெய்வேலிச் சாம்பலில் இயல்பாகவே சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் சுண்ணாம்பைக் குறைக்கலாம். எவ்வளவு என்பதை மாதிரி செய்து பார்த்துத்தான் சொல்ல முடியும். குளத்தில் கொட்டி வைத்த சாம்பல் வேண்டாம், புகைபோக்கி வடிகட்டியில் பிடித்த உலர்ந்த சாம்பலே வினைபுரியும். நிலையத்துக்கு அருகில் என்றால் இது சிமெண்டைவிட மலிவு, 100 கிலோமீட்டர் தள்ளி என்றால் லாரி வாடகை எல்லாவற்றையும் தின்றுவிடும்.

புழுதி மட்டும்தான் தொல்லை என்றால் கடலோரத்தில் ஒரு வழி இருக்கிறது. உப்பளத்தில் உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் குளோரைடு நிறைய. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து மேற்பரப்பை நனைவாகவே வைத்திருக்கும். சதுர மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வீதம் தையில் ஒருமுறை தெளித்தால் கோடையைத் தாண்டும், ஐப்பசி மழையில் கரைந்து போய்விடும். கிணற்றுக்கும் வயலுக்கும் பக்கத்தில் கூடவே கூடாது, வண்டியின் அடித்தகடும் துருப்பிடிக்கும். கசப்பு நீரில் சல்பேட்டும் இருப்பதால் சுண்ணாம்பு கலந்த சாலைமேல் ஒருபோதும் தெளிக்காதீர்கள்.

கூலி கொடுக்கும் முன்

மேலே போடும் கிராவலிலும் கொஞ்சம் களி ஒட்டு வேண்டும். 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் நுண்மண் 8 முதல் 15 சதம் இருந்தால் சரி. அதற்குக் கீழே போனால் கோடையில் சீப்புப் பல் போல அலை அலையாக எழும்பிவிடும். அலையைச் சீவுவது காய்ந்த நாளில் அல்ல, முதல் மழை நனைத்த மறுநாள். காய்ந்திருக்கும்போது சீவினால் இருக்கிற ஒட்டும் புழுதியாகப் பறந்துவிடும்.

சுண்ணாம்பு கலப்பு அடி வரை போயிற்றா என்று கிராவல் பரப்பும் முன் பார்த்துவிடுங்கள். 50 மீட்டருக்கு ஒன்றாகச் சின்னக் குழி தோண்டி, சுவரில் பீனால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால் சுண்ணாம்பு சேர்ந்த ஆழம் வரை இளஞ்சிவப்பாகும். அது கிடைக்காவிட்டால் மஞ்சள் கரைத்த தண்ணீர் போதும், ஆரத்தித் தட்டில் நடப்பதே இங்கும் நடக்கும். கரிசல் இயல்பிலேயே கொஞ்சம் காரம் என்பதால் கலக்காத மண்ணிலும் ஒருமுறை தெளித்து நிறத்தை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு 15 சென்டிமீட்டர் வரை இறங்காமல் 8-லேயே நின்றாலோ, இடையிடையே திட்டுத் திட்டாகத் தெரிந்தாலோ, அந்த 50 மீட்டரை மறுபடி உழுது, புதிதாகச் சுண்ணாம்பு சேர்த்துக் கலந்த பிறகுதான் பில்லில் கையெழுத்து.